மார்கழி ஏணி

தை பிறக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே எங்கள் ஊர்த் தெருவில் வாசலுக்கு வாசல் சுண்ணாம்புக் குழி தயாராகிவிடும். காளவாயிலிருந்து வண்டியில் வந்திறங்கிய கற்சுண்ணாம்பைக் குழியில் பரப்பிக் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்ற, அது சீறிப் பொங்கி, ஆவியைக் கிளப்பிக் கொதித்து, கொஞ்ச நேரத்தில் உறைந்த தயிர்போல அடங்கிவிடும். அந்தக் காட்சியைக் கிட்டே நின்று பார்க்கச் சிறுவர்களாகிய எங்களுக்கு அனுமதி கிடையாது. கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போய்விடும் என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். விரட்டினாலும் நாங்கள் திண்ணைத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்துக்கொண்டுதான் இருப்போம். மறுநாள் அதை வடிகட்டி, வச்சிரமும் உப்பும் அளவோடு சேர்த்து, வெண்மை எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காகச் சிறிது நீலமும் கரைத்து எடுத்துக்கொண்டு, வெள்ளையடிக்கிறவர் மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்ப்பார்.

ஏணியின் உச்சிக்குப் போனவுடன் அவர் மட்டையைச் சுண்ணாம்பில் நனைத்துவிட மாட்டார். முதலில் இடக்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். இரண்டொரு இடத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் துளிர்விட்டிருக்கும் அரசங்கன்றை வேரோடு பிடுங்கிக் கீழே எறிவார். "ஆத்தா, கூடல்வாயில ரெண்டு ஓடு உடைஞ்சு கெடக்கு, மழைத்தண்ணி இறங்கியிருக்கு" என்று அங்கிருந்தபடியே குரல் கொடுப்பார். எங்கள் அப்பத்தா கீழே நின்று அதைக் கேட்டுக்கொள்வாள். அன்று மாலைக்குள் ஓடு வந்துவிடும். காரை பெயர்ந்த இடத்துக்கு ஒரு கரணை சாந்தும் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் முதல் கை வெள்ளை.

இந்த வருஷாந்தர வைபவத்தை நான் நெடுங்காலம் அலங்காரம் என்றே எண்ணியிருந்தேன். பண்டிகைக்குப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பது எப்படியோ அப்படியே வீட்டுக்கும் ஒரு புதுவெள்ளை என்பதுதான் என் அபிப்பிராயம். வயது ஏறி, பழைய வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிவதைக் கண்ட பிறகே, அதன் அர்த்தம் வேறு என்று புத்தியில் உறைத்தது. வருஷத்துக்கு ஒருமுறை, தொழில் தெரிந்த ஒரு மனிதனின் கை வீட்டின் வெளிச்சுவரில் ஒரு சாண் இடம் விடாமல் பட்டு வந்தது என்பதே அதிலிருந்த விசேஷம். வெள்ளை என்பது அவன் அந்தக் காரியத்தைச் செய்து முடித்ததற்கான ரசீது மாத்திரமே. கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு ஜீர்ணோத்தாரணமும் கும்பாபிஷேகமும் விதித்த நம்முடைய முன்னோர், குடியிருக்கும் வீட்டுக்கு அவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்கவில்லை. கருங்கல்லுக்குப் பொறுக்கிற பன்னிரண்டு வருஷம் செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பொறுக்காது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்தக் கிரமத்துக்குள் பருவகாலத்தின் கணக்கும் அடங்கியிருந்ததைச் சொல்லாமல் விட்டால் அவர்களுடைய சாதுரியத்துக்கு நியாயம் செய்தவனாக மாட்டேன். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் பிடித்துக்கொள்ளும் நம் பக்கத்தில், ஓட்டைப் பிரித்து அடுக்குவதும், கூடல்வாயைச் சுத்தம் செய்வதும், தண்ணீர் இறங்கும் தூம்புகளில் அடைத்திருக்கும் சருகை வாருவதும் ஆவணி புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது எழுதாத சட்டம். மழை ஓய்ந்து, அது சுவரில் என்னென்ன சேதத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று தெரியவருகிற மார்கழியில்தான் சுண்ணாம்பு வேலை. சுண்ணாம்பு அவசரமாகக் காய்ந்தால் மாவாக உதிர்ந்துவிடும். ஈரம் மெதுவாக விலக வேண்டும். மார்கழிப் பனியும் இளவெயிலும் அதற்கு வாய்த்ததுபோல் சித்திரை வெயில் வாய்க்காது. பொங்கல் என்ற பண்டிகையின் பெயரால், ரசாயன சாஸ்திரம் கேட்கிற தினங்களிலேயே அந்த வேலை நடந்து வந்தது.

சுண்ணாம்பின் சுபாவமும் சற்று நின்று கவனிக்கத் தக்கதே. சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுடும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. சுட்ட கல்லை நீரில் தாளித்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து அதே வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுபடியும் கல்லாக மாறுகிறது. கல்லாய்ப் பிறந்து, தீயில் வெந்து, தண்ணீரில் கரைந்து, காற்றைக் குடித்துத் திரும்பக் கல்லாகும் இந்தப் பொருள் அப்படிக் கல்லானபின்னும் நுண்துளைகள் உள்ளதாகவே இருக்கிறது. சுவருக்குள் புகுந்த ஈரம் அந்தத் துளைகளின் வழியே வெளியேறிவிடும். மயிரிழை வெடிப்பு விழுந்தால், மழைநீர் காரையில் கரைத்துக்கொண்டு வரும் சுண்ணாம்பே அந்த வெடிப்பில் படிந்து அதை அடைத்துவிடுவதும் உண்டு. அதன் காரத்தன்மையில் பாசியும் பூஞ்சையும் எளிதில் பிடிப்பதில்லை. மேலே சாய்ந்தவன் சட்டையில் அது ஒட்டிக்கொள்ளும் என்பது மெய்தான். எங்கள் தெருவில் யார் எவருடைய திண்ணையில் உட்கார்ந்து பொழுது போக்கிவிட்டு வந்தார் என்பதை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-ஆம் ஆண்டில் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தச் சரக்கை இந்தியாவில் உற்பத்தி செய்யும் முயற்சி 1904-இல் சென்னையில் தொடங்கி, 1914-இல் போர்பந்தரில் நிலைபெற்றது. அணைக்கும் பாலத்துக்கும் பல மாடிக் கட்டடத்துக்கும் சிமெண்டு செய்திருக்கும் உபகாரத்தை நான் குறைத்துப் பேசுகிறவனல்லன். சிமெண்டினால் எழும்பிய வீட்டுக்குச் சிமெண்டுப் பூச்சே பொருத்தம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழும்பிய பழைய சுவரின்மேல், அதைவிடக் கடினமான, காற்றும் ஈரமும் எளிதில் போகவிடாத ஓர் ஓட்டைக் கொண்டுபோய் ஒட்டுவதும், அதற்கு மேல் பட்டி பார்த்து எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் தோலைப் போர்த்துவதும்தான் நான் ஆட்சேபிக்கிற காரியம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் பூர்விக வீட்டின் முன்சுவர் கற்பித்த பாடம் இது. இருபது வருஷங்களுக்கு முன் அந்தச் சுவரின் அடிப்பாகத்தில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, காரை உதிர்ந்துகொண்டிருந்தது. வருஷா வருஷம் அதைச் சுரண்டிப் பூசி வெள்ளையடித்து வந்தவர் காலமாகிவிட்டார். பிள்ளைகளாகிய நாங்கள் ஆளுக்கொரு ஊரில் உத்தியோகத்தில் இருந்தோம். டவுனிலிருந்து வந்த ஒரு காண்டிராக்டர், "இடுப்பு உயரத்துக்குச் சிமெண்டு அடித்துவிட்டால் பிறகு உங்கள் ஆயுசுக்கும் கவலையில்லை" என்றார். எங்களுக்கும் அந்தக் கவலையின்மைதான் வேண்டியிருந்தது. இரண்டு மழை போயிற்று. சிமெண்டு பூசிய பகுதி பாறைபோல் அசையாமல் இருக்க, அதற்கு மேலே, அதுவரை ஈரமே கண்டிராத இடத்தில், உப்புப் பூத்தது. அங்கேயும் சிமெண்டு பூசினோம். உப்பு ஜன்னலின் அடிக்கட்டைக்கு ஏறிற்று. ஏழெட்டு வருஷத்தில் ஆள் உயரத்துக்குச் சிமெண்டும், அதற்கு மேல் இரண்டடி ஓதமும், அந்த ஓதத்தில் உளுத்துப்போன தேக்கு ஜன்னல் நிலையுமாக எங்கள் வீட்டின் முகம் மாறிவிட்டது.

கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு முதிய கொத்தனாரை வரவழைத்துக் காட்டினோம். அவர் தட்டிப் பார்க்கச் சிமெண்டுப் பூச்சு பொள்ளென்று சப்தித்தது. உளியால் ஒரு சில்லைப் பெயர்க்க, அதன் பின்னாலிருந்த செங்கல் ஈர மாவாய்க் கையோடு வந்தது. "தண்ணி பூமியிலேருந்து வந்துக்கிட்டுத்தானுங்க ஐயா இருக்கும். வெளியே போற வழிய அடைச்சா அது மேலதான ஏறும்?" என்றார். பௌதிக சாஸ்திரத்தில் நுண்புழையேற்றம் என்று நான் பரீட்சைக்கு மனனம் செய்த விஷயத்தை, பள்ளிக்கூடத்தின் நிழலில்கூட ஒதுங்காத ஒருவர் இரண்டே வாக்கியத்தில் எனக்கு விளக்கிவிட்டார். அடைபட்ட ஈரம் தன்னோடு கரைத்துக் கொண்டுவந்த உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, கண்ணுக்குத் தெரியாமல் அதை உடைத்து நொறுக்கியிருந்தது. எங்கள் ஆயுசுக்கும் கவலையில்லை என்று அந்தக் காண்டிராக்டர் சொன்னதில், எங்களுடைய ஆயுசைப் பற்றி அவருக்கு என்ன எண்ணம் இருந்ததோ, நான் கேட்கவில்லை.

பூச்சு கெட்டது ஒரு நஷ்டம். ஏணி ஏறாமற்போனது அதனினும் பெரிய நஷ்டம். பத்து வருஷம் தாங்கும் என்று எழுதிக்கொடுக்கும் பெயிண்டு டப்பாவை நாம் வாங்கும்போது, பத்து வருஷத்துக்கு ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கப் போவதில்லை என்ற உறுதிமொழியையும் சேர்த்து வாங்கிவருகிறோம். பறவை எச்சத்திலிருந்து முளைத்த அரசங்கன்று முதல் மார்கழியில் இரண்டு விரலால் பிடுங்கத் தக்கது. மூன்றாம் மார்கழியில் அரிவாள் வேண்டும். பத்தாம் மார்கழியில் மரத்தை வெட்டினால் சுவரும் சேர்ந்து வரும். உடைந்த ஓட்டின் வழியே சொட்டும் நீர் முதலில் வாரையை நனைக்கிறது, பிறகு உத்தரத்தின் முனையை உளுக்க வைக்கிறது, அப்புறம் அந்த உத்தரம் தாங்கிய சுவரின் தலையைக் கரைக்கிறது. முதுமையினால் இடிந்த வீட்டை நான் பார்த்ததில்லை. எட்டணாப் பெறாத ஓர் ஓட்டினால் இடிந்த வீடுகளை எண்ணச் சொன்னால், எங்கள் தாலுக்காவிலேயே எண்ணி முடியாது.

செட்டிநாட்டின் பெரிய வீடுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று யாரேனும் கேட்கக்கூடும், கேள்வி நியாயமானது. அங்கே பல சுவர்களுக்கு வருஷந்தோறும் வெள்ளையடிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்பைப் பல பூச்சாகப் பூசி, இறுதிப் பூச்சில் முட்டை வெண்கருவும் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றிய அந்தக் காரை, பளிங்கென்று மயங்கும்படி அநேக தசாப்தங்கள் நிற்கிறது. உச்சிவெயிலிலும் கை வைத்தால் குளிர்ச்சி. அந்த வீடுகளுக்கு அபாயம் வந்தது தலை வழியாக. பர்மாத் தேக்கு உத்தரங்களுக்கு மேலே அடுக்கடுக்கான ஓட்டுக் கூரைகளும், நான்கு பக்கக் கூரைகள் சந்திக்கும் முற்றத்துக் கூடல்வாய்களும், யானைகள் நீராட்டும் லக்ஷ்மியும் சிப்பாய்களும் நிற்கிற கைப்பிடிச் சுவர்களுமாக, தண்ணீர் தங்கத்தக்க இடங்கள் அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றை வருஷந்தோறும் பார்த்துவர ஆளும் பணமும் வேண்டும். அந்தப் பணம் கடலுக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்தது.

1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வயல் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் கைக்கு வந்திருந்தது. பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாதவர்களிடமிருந்து ஈடாக வந்த நிலம் அது; அந்த நாட்டுக் குடியானவனின் மனத்தாங்கலும் அதோடு சேர்ந்தே வந்தது என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. சுதந்திரம் பெற்ற பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கிற்று. எஞ்சியிருந்த வாணிபமும் 1960-களில் அரசின் வசமாயிற்று. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் கூரையைப் பார்க்க ஏறுகிறவனுக்குக் கூலி கொடுத்துவந்த கணக்கு அப்படித்தான் மூடப்பட்டது. இவ்வளவு நடந்தும் அந்த வீடுகளில் கணிசமானவை இன்றும் நிற்பதற்கு நான் ஒரு காரணம் சொல்வேன்: கல்யாணமும் சாந்தியும் பூர்விக வீட்டிலேயே நடக்க வேண்டும் என்ற சம்பிரதாயம் அவர்களிடையே முழுக்க அற்றுப்போகவில்லை. சிங்கப்பூரில் இருந்தாலும் சென்னையில் இருந்தாலும் பங்காளிகள் அனைவரும் கூடும் ஒரு சுபகாரியம் குறிக்கப்பட்டால், அதற்கு ஒரு மாதம் முன்னால் யாரோ ஒருவர் கூரைமேல் ஏறியாக வேண்டியிருக்கிறது.

சம்பிரதாயம் அற்ற வீடுகளின் கதை காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடைவீதியில் நிலைக்கதவாகவும் தூணாகவும் உத்தரமாகவும் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது நமக்குப் பெருமையே. பட்டியல் எந்தக் கூடல்வாயையும் அடைப்பதில்லை.

புதுச்சேரியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதற்குக் காரணம், நம்முடைய அசிரத்தையின் விலையும் சிரத்தையின் விலையும் அங்கே ஒரே ஊரில் அருகருகே காணக் கிடைப்பதுதான். கடற்கரைச் சாலையில் 1870-71-இல் எழும்பிய மேரி என்னும் நகரசபைக் கட்டடம், 2014 நவம்பரில் ஒரு மழைநாளில் இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் அதை மீண்டும் எழுப்ப ஏறக்குறைய 15 கோடி ரூபாய் செலவாயிற்று, 2021-இல் திறந்துவைத்தார்கள். இப்போது பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அது பழைய கட்டடமல்ல, பழைய கட்டடத்தின் ஞாபகம். இதற்கு மாறாக, வைசியாள் வீதி என்று மக்கள் அழைக்கும் கால்வே சுப்பராயச் செட்டித் தெருவில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐரோப்பிய உதவித் திட்டம் ஒன்றின் கீழ், மரபுக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் நிறுவனத்தார் வீடு வீடாகச் சென்று, உரிமையாளர் ஒரு பங்கும் திட்டம் ஒரு பங்குமாகச் செலவைப் பகிர்ந்துகொண்டு, தெருவைப் பார்த்த முகப்புகளை மட்டும் செப்பனிட்டார்கள். தாழ்வாரத்து மரத்தூண்களும் திண்ணைகளும் கைப்பிடிச் சுவர்களும் அவற்றின் பழைய லட்சணத்துக்குத் திரும்பின. அந்தத் தெரு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது பெற்றவற்றின் வரிசையில் இடம்பெற்றது. எனக்கு விருதைக் காட்டிலும் அந்தப் பங்கீடே பெரிதாகத் தோன்றுகிறது. வீட்டின் உட்புறம் வீட்டுக்காரனுடையது. வெளிப்புறத்தை அவன் தன் வாழ்நாளில் எத்தனை முறை நின்று பார்த்திருப்பான்? பார்ப்பவர்கள் எதிர்வீட்டாரும் வழிப்போக்கரும்தான். அனுபவிக்கிறவர்கள் செலவில் ஒரு பங்கை ஏற்பது தர்மம் என்றே நான் கருதுகிறேன்.

நம்மூர் நகராட்சிகள் இப்போதைக்குத் தெருவின் பக்கத்திலிருந்து செய்துவரும் பணி வேறு விதமானது. ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத் தாரைக் கொட்டுவதால், நான்கு படி ஏறிச் செல்ல வேண்டியிருந்த எங்கள் திண்ணைக்கு இப்போது ஒரு படி ஏறினால் போதும். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற வீட்டுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். ஊர்த் தண்ணீர் முழுவதும் அந்த வீட்டு அஸ்திவாரத்தில் வந்து நிற்கிறது. வீட்டுக்காரரின் சிரத்தையின்மையைப் பற்றி நான் இவ்வளவு நேரம் எழுதியதையெல்லாம் அவரிடம் போய்ப் படித்துக் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

தமிழ்நாட்டில் மரபுக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைப்பதற்கு 2012-இல் சட்டம் இயற்றப்பட்டது. மாளிகைகளையும் அரசாங்கக் கட்டடங்களையும் காக்க அத்தகைய சட்டம் அவசியமே. ஆனால் தெருவோரத்து ஓட்டு வீட்டில் குடியிருக்கும் கிரகஸ்தருக்குப் பட்டியல் என்ற சொல்லைக் கேட்டாலே, நாளைக்கு ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வாங்க வேண்டுமோ என்ற பயம்தான் முதலில் வருகிறது. பட்டியல் தயாராவதற்கு முன்பே வீட்டை இடித்துவிடலாம் என்று யோசனை சொல்வதற்கும் உறவினர் இருக்கிறார்கள். பாரிஸ் நகரத்தில் 1852-ஆம் வருஷத்து ஆணை ஒன்று, தெருவைப் பார்த்த முகப்பைப் பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் சுத்தம் செய்து செப்பனிட வேண்டும் என்று வீட்டுக்காரர்களைக் கட்டாயப்படுத்திற்று. அங்கே அது கல். இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும். கட்டளையிட்டு நடத்தத்தக்க காரியமாகவும் எனக்கு இது தோன்றவில்லை.

கட்டளைக்குப் பதிலாகச் சௌகரியம் செய்துகொடுக்கலாம். இன்று பழைய சுவருக்குச் சுண்ணாம்பு பூச விரும்புகிறவன் முதலில் நல்ல சுண்ணாம்புக்கு அலைய வேண்டும். பொட்டலத்தில் மாவாக வருவது பல சமயம் காற்றுப்பட்டுக் காரம் போனதாக இருக்கிறது. தாளித்துத் தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் புளிக்கவிட்ட சுண்ணாம்பு கிடைப்பது அபூர்வம். சுண்ணாம்பு அரைத்த கல்செக்குகளின் உருளைகள் பல ஊர்களில் அலங்காரக் கல்லாகக் கிடக்கின்றன. பழைய வீடுகள் மிகுந்த ஊருக்கு ஒன்றாக நகராட்சியே ஒரு தொட்டி கட்டி, சுண்ணாம்பைத் தாளித்து ஊறவைத்து, மார்கழியில் அடக்க விலைக்கு விற்கட்டும். அதற்கு ஒரு பூங்காவுக்கு நீரூற்று வைக்கும் செலவுகூட ஆகாது. அடுத்தது ஆள். கடுக்காய்ப் பக்குவமும் கலவையின் பதமும் விரல்நுனியில் வைத்திருக்கும் கொத்தனார்கள் பெரும்பாலும் எழுபதைத் தொட்டவர்கள். அவர்களுடைய மகன்கள் சிமெண்டு வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விட்டார்கள், போனதில் தவறும் இல்லை. அந்தப் பெரியவர்களில் ஒருவருக்கு ஆசிரியர் சம்பளம் கொடுத்து ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் உட்கார வைப்பதற்கு, அவரிடம் பட்டம் இல்லை என்பதைத் தவிர வேறு தடை எனக்குப் புலப்படவில்லை.

செலவைப் பற்றிய ஆட்சேபம் பாக்கியிருக்கிறது. சாரம் கட்டிச் சுண்ணாம்பு வேலை செய்வது ஒருமுறைக்குக் கணக்குப் பார்த்தால் பெயிண்டைவிட அதிகக் கூலி பிடிக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வருஷா வருஷம் சிறு தொகையாகக் கொடுப்பதா, பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை பெருந்தொகையாகக் கொடுப்பதா என்பதே உண்மையான கேள்வி. மாதச் சம்பளக்காரர் முதலாவதைத் தாங்குவார். இரண்டாவது வரும்போது வீட்டை விற்பார். பதினெட்டுப் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டில் இது இன்னும் மெய். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்றால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு லக்ஷம் என்றால் பாகப்பிரிவினை வழக்கு ஆரம்பமாகிவிடும்.

வசதி உள்ளவர்கள் செய்யும் புதுப்பித்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வீட்டை வாங்கி விடுதியாக்குகிறவர்கள் அநேகமாக வீட்டைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மழையும் வெயிலும் நூறு வருஷம் தடவித் தடவி மங்க வைத்த சுதைப் பொம்மைகளுக்கு, சுரண்டுதாளால் முகத்தைத் தேய்த்துவிட்டு, எனாமல் சாயத்தில் இளஞ்சிவப்புக் கன்னமும் மைக் கண்ணும் தீட்டுகிற உற்சாகத்தைக் காணும்போது, அசிரத்தையே மேல் என்று ஒரு கணம் எண்ணத் தோன்றுகிறது. அளவு மீறிய புதுப்பித்தலுக்கு எதிராக இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் 1877-இல் ஒரு சங்கமே ஸ்தாபித்தார். அன்றாடப் பராமரிப்பு போதும், பழைய கட்டடத்துக்கு இளமை திருப்பித் தர வேண்டாம் என்பது அந்தச் சங்கத்தின் கட்சி. மூங்கில் ஏணியைச் சுவரில் சாய்த்த எங்கள் ஊர்க்காரருக்கு அவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. இருவரும் சந்தித்திருந்தால் பேச விஷயம் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டு முன்சுவரின் சிமெண்டை இரண்டு வருஷத்துக்கு முன்னால் தைமாதம் முழுக்கப் பெயர்த்தெடுத்தோம். உளுத்த செங்கல்லைத் தோண்டி, இடிந்த வீடொன்றிலிருந்து வாங்கிவந்த பழைய செங்கல்லை அந்த இடத்தில் வைத்துச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டினார் அந்த முதிய கொத்தனார். உடனே பூசிவிடலாம் என்று நான் அவசரப்பட, அவர் சம்மதிக்கவில்லை. சுவர் ஒரு கோடை முழுவதும் வெயிலில் காய வேண்டும் என்றார். எட்டு மாதம் எங்கள் வீடு தோலுரித்த உடம்பாகத் தெருவில் நின்றது. போகிறவர் வருகிறவரெல்லாம் இடிக்கப் போகிறீர்களா என்று விசாரித்தார்கள். இரண்டு தரகர்கள் விலை கேட்டும் வந்தார்கள். அதற்குப் பிறகே காரை பூசி, மார்கழியில் மூன்று கை வெள்ளையும் அடித்து முடித்தோம். சென்ற மழைக்குப் பின் போய்ப் பார்த்தபோது வாசல் நிலைக்கு இடப்பக்கம் ஒரு முழ அகலத்துக்கு மறுபடியும் உப்புப் பூத்திருந்தது. கொத்தனார் அதை நகத்தால் கீறி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது பழைய உப்பு, வெளியேறிக்கிட்டு இருக்கு, தொடைச்சு விட்டுட்டு வர்ற மார்கழிக்குக் கூப்பிடுங்க" என்று சொல்லி ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டார்.